உப்புப் பாத்தி நிரம்பியபோது

சின்னவனுக்கு நாற்பது வயது நெருங்கிவிட்டது. முன்மண்டையில் முடி ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அவன் சின்னவன்தான். அக்கா அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, லாண்டரிக்கு மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பு அனுப்புகிற ஓட்டல்காரர்கள்கூட “சின்னவர் இருக்காரா?” என்றுதான் கேட்பார்கள். மரியாதை வந்த மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும்.

அவனுடைய லாண்டரிக்கும் அக்காவின் நாற்றுப் பண்ணைக்கும் நடுவில் ஒரே ஒரு மதில் சுவர். சுவரில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு பைப் அந்தப் பக்கம் போகும், இரண்டு பைப் இந்தப் பக்கம் வரும். இந்த மூன்றையும் பற்றிச் சொல்லிவிட்டால் பாதிக் கதை சொன்ன மாதிரி.

துணி அலசிய தண்ணீர் முதலில் லாண்டரிக்குப் பின்னால் இருக்கும் நீளமான தொட்டிக்குப் போகும். தொட்டி முழுக்கக் கூழாங்கல், கல்லுக்கு நடுவே கல்வாழை. சோப்பையும் அழுக்கையும் கல்லும் வேரும் பிடித்து வைத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் சுவரைத் தாண்டி அக்காவிடம் போகும். அக்கா அதை நாற்றுத் தட்டுகளுக்கு ஊற்றுவாள். தட்டிலிருந்து வடிவதையும் விடமாட்டாள். மேசைக்குக் கீழே தகர வாய்க்கால் கட்டி, வடிந்ததை மறுபடி கல்வாழைத் தொட்டிக்கே திருப்பிவிட்டிருந்தாள். பண்ணைக் கூரையில் விழும் மழை மட்டும் தனித் தொட்டியில் சேர்ந்து சின்னவனுக்கு வரும். வெள்ளைத் துணிக்குக் கடைசி அலசல் அதில்தான். குழாய்த் தண்ணீர் வருவதும் வராததும் குழாயின் இஷ்டம் என்று ஆகிவிட்ட ஊரில், இந்தச் சுற்றுத் தண்ணீரை வைத்துத்தான் இரண்டு அடுப்பு எரிந்தது.

எல்லாம் அக்காவின் மூளை. யாரோ ஒருவரின் பண்ணையில் தொட்டிக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தவள், தம்பியின் லாண்டரித் தண்ணீர் தெருச் சாக்கடையில் நுரைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாள். “தண்ணியைத் தூக்கிப் போடற அளவுக்கு நமக்கு வசதி இல்லடா” என்று சொல்லி, ஒரு விரிசல் விட்ட டிரம்மில் ஆரம்பித்தாள். இன்று முனிசிபாலிட்டிப் பூங்காவுக்கே நாற்று கேட்டிருக்கிறார்கள் என்றால் அந்த டிரம்தான் காரணம்.

அக்கா தம்பிக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. சின்னவனின் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. அதைப் பதப்படுத்த சாஃப்ட்னர் என்று ஆளுயர உருளை ஒன்று வைத்திருந்தான். அந்த உருளையை அடிக்கடி உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். கழுவி வெளியே வரும் உப்புத் தண்ணீருக்கென்று மூலையில் தாழ்வான சிமெண்டுப் பாத்தி இருந்தது. வெயிலில் காய்ந்து உப்புப் படிந்தால் சுரண்டி மூட்டை கட்டிவிடலாம், தோல் பதனிடுகிறவர் வந்து எடுத்துப்போவார். ஆக உப்புக்கும் ஒரு மறுவாழ்வு உண்டு. பாத்திக்குப் போகும் பைப்பில் ஒரு வால்வு. அதன் பிடி இந்தப் பக்கம் இருந்தால் பாத்தி, அந்தப் பக்கம் திருப்பினால் கல்வாழைத் தொட்டி.

“எது வேணா அனுப்பு, உப்பை மட்டும் அனுப்பாதே” என்று அக்கா அன்றே சொல்லியிருந்தாள். “மத்ததையெல்லாம் வேர் தின்னுடும். உப்பை எதுவும் திங்காது. வெயில்ல தண்ணிதான் ஆவியாகும், உப்பு அப்படியே நிக்கும். சுத்திச் சுத்தி வந்து நம்ம தலையிலதான் உக்காரும்.”

சின்னவன் தலையை ஆட்டினான். தலையை ஆட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

மேகமூட்டமான ஒரு வாரத்தில் வந்தது வினை. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. பாத்தி விளிம்பு வரை ததும்பிக்கொண்டிருந்தது. ஓட்டல் விரிப்புகள் கூரையைத் தொடுகிற மாதிரிக் குவிந்து கிடந்தன. உருளையைக் கழுவாவிட்டால் வெள்ளைத் துணி பழுப்பாக வரும். பாத்தியிலிருந்து உப்புத் தண்ணீரை மொண்டு டிரம்மில் ஊற்றி வைத்திருக்கலாம். டிரம் இல்லையா என்றால், இருந்தது. மூன்று டிரம், மூன்றும் காலி. குனிந்து மொள்ள வேண்டும், இடுப்பு வலிக்கும், அரை நாள் போய்விடும். அவ்வளவுதான் காரணம், இதற்கு மேல் ஒன்றும் இல்லை. சின்னவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு வால்வின் பிடியை அந்தப் பக்கம் திருப்பினான்.

“அவ்ளோ தண்ணியில கலந்தா தெரியவா போகுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு தடவைதானே என்றும் சேர்த்துக்கொண்டான். முதல் தடவைக்குத்தான் இந்தச் சமாதானமெல்லாம் தேவைப்பட்டது. அடுத்தடுத்த தடவைகளுக்கு அவன் எதுவும் சொல்லிக்கொள்ளவே இல்லை. கை தானாகப் போய்த் திருப்பியது.

கல்வாழை இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்ததை முதலில் பார்த்தவன் அவன்தான். உடனே போய் வால்வைத் திருப்பினானா? இல்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்து கருகிய இலைகளை வெட்டிக் குப்பையில் போட்டான். அந்த நேரம் பார்த்து அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“என்னடா பண்றே?”

“பூச்சி அடிச்ச மாதிரி இருந்துச்சுக்கா. வெட்டி விடறேன்.”

“பரவாயில்லையே! என் தம்பிக்குக்கூட செடி மேல அக்கறை வந்துடுச்சே” என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தப் பாராட்டைச் சின்னவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பிறகு பூங்காவுக்கான நாற்றுகள் கருகின. முதலில் நுனி, பிறகு ஓரம், பிறகு இலை முழுக்க. தட்டுகளில் மண்ணுக்கு மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அக்கா விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள். இலை நுனி கருகி, மண்ணில் வெள்ளை பூத்தால் உரம் மிஞ்சிவிட்டது என்றுதான் எந்தப் பண்ணைக்காரியும் நினைப்பாள். உரமும் ஒரு வகை உப்புதானே, செடி மேல் இரண்டும் ஒரே மாதிரித்தான் கையெழுத்துப் போடும். அக்கா நேரே உரக் கொட்டகையைப் பார்த்தாள். கொட்டகை வாசலில் அத்தான் நின்றார்.

அத்தான் ஒரு காலத்தில் குடித்துக்கொண்டிருந்தவர். அப்போது அவரை நம்பி ஒரு செடிக்குத் தண்ணீர்கூட விட முடியாது. நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. நிறுத்திய பிறகும் அக்கா ரொம்ப நாள் அவரைத் தட்டு தூக்கவும் கூட்டிப் பெருக்கவும்தான் விட்டாள். பிறகு ஒரு நாள், சிவப்புக் கோடு போட்ட அளவுக் குவளையையும் கொட்டகைச் சாவியையும் அவர் கையில் கொடுத்து, “இனிமே உரம் நீங்கதான்” என்றாள். அன்று அத்தான் வேலையெல்லாம் முடிந்த பிறகும் அந்தக் குவளையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு அது வெறும் குவளை இல்லை.

சின்னவன் டீ கிளாஸோடு பண்ணைக்குள் நுழைந்தபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது.

“எத்தனை குவளை போட்டீங்க?”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணு போட்டா இப்படி ஆகுமா? ரெண்டு தடவை கலந்துட்டீங்களா?”

“இல்லம்மா. ஒரு தடவைதான்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா, தெரியுமா?”

அத்தான் திருதிருவென்று விழித்தார். பொய் சொல்கிறவன் விழிக்கிற விழி இல்லை அது. தன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, வைத்த பொருளைக் காணாமல் தேடுகிறவனின் விழி. “கலக்கும்போது போன் வந்துச்சு... பேசிட்டு வந்து... மறுபடி போட்டேனோ என்னவோ” என்று இழுத்தார்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “குடிச்சீங்களா?”

“இல்லம்மா.”

“என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

“இல்லம்மா” என்றார் அத்தான், அவளைப் பார்த்து. ஆனால் அக்கா அப்போது கருகிய தட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவன் ஓர் அடி முன்னால் வந்தான். ஒரு வாக்கியம் போதும். ‘அக்கா, அது உரம் இல்லை, என் உப்பு’. வாயைத் திறந்தும்விட்டான். “அக்கா, அத்தான் மேல தப்பு...”

“நீ சும்மா இருடா!” என்று அக்கா சீறினாள். “அவருக்கு வக்காலத்து வாங்க வந்துட்டான். ஒவ்வொரு தடவையும் இப்படி யாராவது பரிஞ்சு பேசித்தான் இவர் இந்த நிலைமைக்கு வந்தாரு.”

அத்தான் சின்னவனை நன்றியோடு பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை! அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சின்னவன் டீயைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது, முழுக்கக் குடித்தான். குடித்து முடிக்கும்போது சொல்ல வேண்டிய நேரம் போய்விட்டது என்று முடிவு பண்ணிக்கொண்டான். கோழைகளுக்கு நேரம் சீக்கிரம் போய்விடும்.

மறுநாள் காலை மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்தவன், சுவருக்கு அந்தப் பக்கம் இடைவிடாமல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். அத்தான் பனியனோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தட்டுகள் அடுக்கு அடுக்காக இருந்தன. ஒவ்வொரு தட்டாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பூவாளியால் மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உரம் மிஞ்சினால் அதுதான் வைத்தியம். நிறையத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவினால் உப்பு வடிந்து போகும், பிழைக்கிற நாற்று பிழைக்கும். வேட்டி முழுக்க நனைந்து, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

“சாப்பிடக்கூட வரலை” என்றாள் பின்னாலிருந்து சின்னவனின் மனைவி. அயர்ன் பண்ணிய விரிப்புகளை அணைத்துக்கொண்டு அவளும் எட்டிப் பார்த்தாள். “விடிஞ்சதிலேர்ந்து இதே வேலைதான். பாவம் அண்ணன். தப்புப் பண்ணாலும் இப்படி ஒருத்தர் வருந்தினா மன்னிக்கத்தான் தோணும், இல்லைங்க?”

“ம்” என்றான் சின்னவன்.

அத்தான் பூவாளியை நிரப்பியது எந்தக் குழாயில் என்று அப்போதுதான் அவன் கவனித்தான். சுவரைத் தாண்டி வரும் பைப். அவனுடைய தண்ணீர். செடியைக் கொன்ற அதே உப்புத் தண்ணீரால் அத்தான் செடியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவக் கழுவக் கருகும். கருகக் கருக, இன்னும் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்.

சின்னவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் ஒன்றாக ஓடின. “பம்ப் ரிப்பேர்!” என்று சுவருக்கு மேல் கத்திவிட்டுத் தண்ணீரை நிறுத்தினான். வால்வைப் பாத்திப் பக்கம் திருப்பினான். இடுப்பு வலியாவது ஒன்றாவது, பாத்தியிலிருந்து மொண்டு மூன்று டிரம்மையும் நிரப்பினான். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, வெட்கம் வந்த பிறகு ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. கல்வாழைத் தொட்டியின் அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கினான். சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த அத்தனை தண்ணீரும் தெருச் சாக்கடைக்கு ஓடியது. ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று அக்கா பார்த்துப் பார்த்துச் சேர்த்த தண்ணீர் அது. பிறகு வெள்ளைத் துணிக்காக வைத்திருந்த மழைத்தண்ணீர் முழுவதையும் கூழாங்கல் மேல் விட்டு, கல்லை இரண்டு மூன்று தரம் அலசினான்.

பாதி வேலையில் அத்தான் வந்து நின்றார். “என்ன மாப்ளே, தனியாவா கஷ்டப்படறே?” என்று கேட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். கல்லைக் கிளறிக் கொடுத்தார். வேரில் சிக்கிய சேற்றை எடுத்துப் போட்டார். தன் குற்றத்தின் தடயத்தைத் துடைக்க அத்தானே உதவுகிறாரே என்று சின்னவனுக்குக் கண்ணைக் கரித்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டான்.

“பம்புல என்ன கோளாறு?” என்று அத்தான் கேட்டார்.

“அடைப்பு” என்றான். பொய் இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

நல்ல தண்ணீர் மறுபடி ஓட ஆரம்பித்தது. அத்தான் விட்ட இடத்திலிருந்து தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். வடிந்தது மறுபடி சுற்றில் சேராமல், திரும்பி வரும் பைப்பைச் சின்னவன் சாக்கடைப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். பாதி நாற்று போனது போனதுதான், பூங்காக்காரர்கள் மீதியை வேறு இடத்தில் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மிச்சம் இருந்தவற்றில் சில நாளில் பச்சை நுனி எட்டிப் பார்த்தது. சின்னவனுக்கு உயிர் வந்தது. யாருக்கும் தெரியாமல் பண்ணியதை யாருக்கும் தெரியாமலே சரிபண்ணியாயிற்று, இனி எல்லாம் ஓய்ந்துவிடும் என்று அவன் நினைத்தான்.

அத்தான் ஒரு தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு லாண்டரிக்கே ஓடிவந்தார். “மாப்ளே, பாரு! துளிர் விட்டிருக்கு!”

“ரொம்ப சந்தோஷம் அத்தான்.”

“கழுவினதும் பொழைச்சுடுச்சு பாத்தியா? அப்ப உரம்தான் மாப்ளே. என் கைதான். சந்தேகமே இல்லை. ஒருவேளை வேற ஏதாவது இருக்குமோன்னு உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை இருந்துச்சு. அதுவும் போச்சு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சின்னவன் சரிபண்ணியது அத்தானின் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. இதை அவன் எதிர்பார்க்கவே இல்லை. ஒளித்து வைக்கிறவர்கள் எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்?

அக்கா சண்டை போடவில்லை. அதுதான் இன்னும் மோசம். “இனிமே உரத்தை நான் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொல்லிக் குவளையை வாங்கிக்கொண்டாள். சாவியைக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அத்தான் பழையபடி தட்டு தூக்கினார், கூட்டிப் பெருக்கினார். அவள் கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுகொள்வார். பண்ணையில் வேலை குறைந்ததும், “நான் சும்மாதானே இருக்கேன், மாப்ளைக்குத் துணி மடிச்சுக் கொடுக்கறேன்” என்று லாண்டரிக்கு வர ஆரம்பித்தார்.

படுக்கை விரிப்பு மடிப்பது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, விரித்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து நடுவில் சேர வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் முகத்துக்கு நேர் முகம். ஓட்டல் விரிப்போ மலையாகக் குவிந்திருந்தது. சின்னவன் ஒவ்வொரு விரிப்புக்கும் அத்தானின் முகத்தின் அருகே போய்ப் போய்த் திரும்பினான். கண்ணை விரிப்பின் ஓரத்திலேயே வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டான்.

“மாப்ளே, ஒண்ணு கேக்கவா?” என்றார் அத்தான் ஒரு மத்தியானம். சின்னவனின் மனைவி ஓட்டலுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தாள். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. “மனுஷனுக்கு ஒரு காரியம் பண்ணது அப்படியே மொத்தமா மறந்து போகுமா? சுத்தமா, துடைச்ச மாதிரி?”

“ஏன் கேக்கறீங்க?”

“நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். ரெண்டாவது குவளை போட்டது ஞாபகத்துக்கே வரலை. ஆனா போட்டிருக்கேன், செடி சொல்லுதே. அப்ப என் தலைக்குள்ளதான் ஏதோ ஆயிட்டிருக்கு. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில எங்களையே யாருன்னு கேட்டாரு.” நடந்து வந்து முனையைக் கொடுத்தார். “உங்க அக்காகிட்ட இதைச் சொல்லலை. குடிச்சேன்னு சொல்லிட்டேன்.”

“குடிச்சீங்களா?”

“சேச்சே. சத்தியமா இல்லை.”

“பின்னே எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“குடிச்சேன்னு சொன்னா அவ கோபப்படுவா. கோபம் அவளுக்குப் பழக்கம்தான், சமாளிச்சுடுவா. புத்தி போகுதுன்னு சொன்னா பயந்துடுவா மாப்ளே. அவ பயந்து நான் பாத்ததே இல்லை. பாக்கவும் வேணாம்.”

விரிப்பு இருவருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தபடி நின்றது. அடுத்த மடிப்புக்குச் சின்னவன்தான் நடந்து வர வேண்டும், வரவில்லை. குடிக்காத குடியை அத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். இல்லாத நோயை மனதுக்குள் வளர்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் மூன்று காலி டிரம்மும் ஓர் இடுப்பு வலியும் செய்த வேலை. இதற்கு மேல் மென்று முழுங்க அவனிடம் எச்சில் இல்லை.

“அத்தான், நீங்க ரெண்டாவது குவளை போடலை.”

“எப்படிச் சொல்றே?”

“உப்பு. சாஃப்ட்னர் கழுவின தண்ணி. பாத்தி நிரம்பிடுச்சுன்னு நான்தான் உங்க பக்கம் திருப்பி விட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. கல்வாழை கருகினதையும் நான்தான் வெட்டி மறைச்சேன். பம்புல அடைப்பே இல்லை. நீங்க தொட்டியில இறங்கி எனக்கு உதவி பண்ணீங்களே, அப்பவே சொல்லியிருக்கணும். அதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்...”

அத்தான் விரிப்பைக் கீழே போடவில்லை. பிறகு தானே நடந்து வந்து, சின்னவன் கையிலிருந்த முனையை வாங்கி, மீதி மடிப்பை மடித்து, அடுக்கின் மேல் வைத்துத் தடவிவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தவனுக்கு அந்தத் தடவல் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

“அப்ப என் தலைக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லை அத்தான்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எழுந்தபோது ஒன்றுதான் சொன்னார். “வா. அவகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு.”

அக்கா விதைத் தட்டில் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் சொல்லும்போது சல்லடை நின்றது. அவன் பூசி மெழுகாமல் சொன்னான். அது ஒன்றுதான் அவன் அன்று செய்த நல்ல காரியம். சொல்லி முடித்ததும் அக்கா கேட்டது உப்பைப் பற்றி இல்லை.

“அந்தக் கல்வாழை இலை... பூச்சின்னு சொன்னியே.”

“ஆமாக்கா.”

“நான் வேற உன்னை மெச்சினேன்.”

“ஆமாக்கா.”

அவள் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையில் சல்லடை இருந்தது, அதிலிருந்த மண் அவள் தலையிலேயே கொட்டியது. வேறு ஒரு நாளாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அக்கா மண்ணைத் தட்டிவிடாமல் அத்தான் பக்கம் திரும்பினாள்.

“நீங்க குடிக்கவே இல்லையா?”

“இல்லம்மா.”

“பின்னே ஏங்க குடிச்சேன்னு சொன்னீங்க? இல்லைன்னு ஏன் அடிச்சுச் சொல்லலை?”

“முதல்லயே சொன்னேனே” என்றார் அத்தான். குரலில் குத்தல் இல்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். “நீ அப்ப தட்டைப் பாத்துட்டு இருந்தே.”

அக்கா அப்படியே மண் குவியல் மேல் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வந்தது என்னவென்று சின்னவனுக்கு உடனே தெரிந்தது. இத்தனை நாளாகக் கண்ணாடியில் அவன் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். அவன் விட்ட உப்பு அவனோடு நிற்காமல் சுவரைத் தாண்டி, அத்தானைச் சுற்றி, இப்போது அக்கா வரைக்கும் வந்துவிட்டது. அவள் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, எழுந்திருக்காமலே அத்தான் பக்கம் நீட்டினாள். “மன்னிச்சுடுங்க” என்று அவள் சொன்னதைச் சின்னவன் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்டான். அது அவனுக்குச் சொன்னது இல்லை. அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு அது.

அவனிடம் அவள் பேசவில்லை. தண்ணீரை நிறுத்தவும் இல்லை, நிறுத்தினால் இரண்டு வீடும் கவிழ்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் ஒரு பூட்டு வாங்கி அனுப்பினாள். உப்பு வால்வின் பிடியைப் பாத்திப் பக்கமே வைத்துப் பூட்ட வேண்டும், சாவி அத்தானிடம் இருக்கும். காலையில் அத்தான் வந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் சுவர்ப் பைப்பைத் திறக்க வேண்டும். இதெல்லாம் அத்தான் வாய்வழியாக வந்த செய்தி. சொல்லும்போது அத்தான்தான் கூச்சப்பட்டார்.

அன்றிலிருந்து தினமும் அத்தான் வருகிறார். கல்வாழைத் தொட்டியின் கடைசி முனையில் குனிந்து, விரலை நனைத்து, நாக்கு நுனியில் வைத்துத் துப்புவார். “நல்லா இருக்கு மாப்ளே” என்பார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, ஒரு நாளும் பழசைக் கிளறியதில்லை. சின்னவனுக்கு அதுதான் தண்டனை. ஒரு தடவையாவது திட்டித் தொலைத்தால் தேவலை என்று இருக்கும். பாத்தி ததும்பினால் அவனே டிரம்மில் மொண்டு மொண்டு ஊற்றுகிறான், இடுப்பைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இன்று காலையும் அத்தான் வந்தார். மூக்கு சிவந்து, தொண்டை கட்டியிருந்தது. குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். மறுபடி வைத்தார்.

“ஒண்ணும் புரிய மாட்டேங்குது மாப்ளே. சளி புடிச்சு நாக்கு மரத்துக் கிடக்கு. நீ பாத்துச் சொல்லேன்.”

சின்னவன் குனிந்தான். இத்தனை நாளில் அவன் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்ததே இல்லை. வைத்தான். ஏதோ கரித்த மாதிரி இருந்தது. துப்பிவிட்டு மறுபடி வைத்தான். இப்போது கரிக்கவில்லை. விரலில் இருந்த வியர்வையாக இருக்குமோ? நேற்று டிரம்மை நகர்த்தும்போது ஏதாவது சிந்தியிருக்குமோ? சிந்தவில்லை. சிந்தியிருந்தால் ஞாபகம் இருக்காதா?

“உப்பு இருக்கா?” என்று அத்தான் கேட்டார்.

“இல்லைன்னுதான் நினைக்கிறேன் அத்தான்.”

“நினைக்கிறியா, தெரியுமா?”

அக்கா அன்று கேட்ட அதே கேள்வி. ஆனால் அத்தான் முகத்தில் எந்த உள்குத்தும் இல்லை. ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையைச் சுவர்ப் பைப்பின் மேல் வைத்துக்கொண்டு, பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பக்கம் புது நாற்றுத் தட்டுகளை அக்கா வரிசையாக அடுக்கும் சத்தம் கேட்டது.

“ஒரு நிமிஷம் அத்தான்” என்று சொல்லிவிட்டுச் சின்னவன் மூலைக்குப் போனான். வால்வு பாத்திப் பக்கம்தான் இருந்தது. பூட்டு பூட்டித்தான் இருந்தது. சாவி அத்தானின் சட்டைப் பையில் இருப்பது அவனுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தும் அவன் பூட்டை இழுத்துப் பார்த்தான்.